கனகாம்பரமும் நூற்றுப் பதின்மூன்றாவது படிவமும்

"அமெரிக்க கவர்ன்மென்ட்டுக்கு இதுவரைக்கும் நூத்திப் பதினோரு ஃபார்ம் ஃபில் பண்ணியிருக்கேன். ஒண்ணுலகூட ஒரு பொய் கிடையாது. என்னை எரிச்ச சாம்பலை இந்தியாவுக்கு அனுப்புறப்போ ஒரு ஃபார்ம் குடுப்பாங்க பாருங்க, அதுலகூட இருக்காது!"

டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழாவில், கையில் காகிதத் தட்டும் தட்டில் சரிந்துகொண்டிருந்த சர்க்கரைப் பொங்கலுமாக பசுபதி இப்படி முழங்கியது 2016 ஜனவரியில். சுற்றி நின்ற எட்டுப் பேரில் ஏழு பேர் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். ஊரிலிருந்து திரும்பும்போது எந்தப் புடவை மடிப்புக்குள் எந்த இலை கஸ்டம்ஸுக்குத் தெரியாமல் வந்தது என்பது அவரவருக்குத் தெரியும். எட்டாவது ஆள் பசுபதியின் மனைவி ருக்மிணி. அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

பசுபதியின் பேச்சு வெறும் பேச்சல்ல. கிரீன் கார்டு விண்ணப்பத்தில், கம்யூனிஸ்ட் கட்சியோடு எப்போதாவது தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தார்கள். 1986-ல் திண்டுக்கல்லில் மழைக்கு ஒரு மாநாட்டுப் பந்தலில் ஒதுங்கியதையும், அங்கே ஊற்றிய டீயைக் குடித்ததையும் தனித்தாளில் எழுதி இணைத்தார். வக்கீலம்மாள் அதைக் கிழித்துப் போட்டார். பசுபதி இன்னொன்று எழுதினார். டீயில் சர்க்கரை இருந்ததா என்று அந்த அம்மாள் கேட்டது கிண்டல் என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தது என்று அதையும் சேர்த்தார்.

2009-ல் ஹூஸ்டன் விமான நிலையத்தில், செடி ஏதும் உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு' என்று போட்டது மட்டுமில்லாமல், மனைவியின் கைப்பையைத் தானே திறந்து ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கன்றை அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி நன்றி சொன்னார். ருக்மிணி நான்கு நாள் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ருக்மிணிக்கு இருந்த குறை கறிவேப்பிலை அல்ல, கியூபா.

திண்டுக்கல்லில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு பேனா நண்பர் முகவரி கொடுத்தார்கள். ஹவானாவில் மரிசோல் என்ற பெண். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவுக்கு மோசமாக இருந்ததால் நட்பு பலமாக வேரூன்றியது. 1985-ல் ருக்மிணி ஏர்மெயில் உறைக்குள் கனகாம்பரத்தின் காய்ந்த நெற்றுகளை வைத்து அனுப்பினார். 'ஈரம் பட்டால் டப்பென்று வெடித்து விதை பறக்கும், பயப்படாதே' என்று ஒரு குறிப்பும் வைத்தார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'வெடித்தது. பயந்தேன்.'

கல்யாணமாகி 1998-ல் டெக்சாஸ் வந்ததும் ருக்மிணி வரைபடத்தை எடுத்து விரலால் அளந்து பார்த்தார். திண்டுக்கல்லிலிருந்து உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த தோழி, இப்போது பக்கத்து நாட்டில் இருந்தாள். அங்கே போகத்தான் அமெரிக்க அரசாங்கம் முப்பது நாற்பது வருஷமாகத் தடை போட்டிருந்தது.

பக்கத்துத் தெரு வெங்கடகிருஷ்ணனுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "யோவ் பசுபதி, கான்கூன் போ. அங்கேர்ந்து ஒரு ஃப்ளைட். பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப்கூட அடிக்க மாட்டான். ஊரே அப்படித்தான்யா போகுது."

"திரும்பி வர்றப்போ, எந்தெந்த நாட்டுக்குப் போனேன்னு ஃபார்ம்ல கேப்பானே?"

"மெக்சிகோன்னு போடு."

"அப்போ கியூபா?"

வெங்கடகிருஷ்ணன் ருக்மிணியைப் பார்த்தார். "சிஸ்டர், உங்களுக்கு அரசாங்கம் ஒண்ணு இல்ல, ரெண்டு."

2016-ல் முதல் அரசாங்கம் இறங்கி வந்தது. தடை தளர்ந்தது, டிசம்பரில் ஹூஸ்டனிலிருந்து ஹவானாவுக்கு நேர் விமானம் என்று செய்தி வந்தது. ருக்மிணி அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டார். இரண்டாவது அரசாங்கம் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

படிவத்தில், கியூபா போக அனுமதிக்கும் பன்னிரண்டு காரணங்கள் இருந்தன. மதம், ஆராய்ச்சி, விளையாட்டுப் போட்டி என்று என்னென்னவோ. 'சும்மா பார்க்க' என்பது மட்டும் இல்லை.

"நீ அங்க சும்மா பாக்கத்தானே போறே ருக்கு?"

"முப்பத்திரண்டு வருஷமா லெட்டர் போட்டவளப் பாக்கப் போறது சும்மாவாங்க?"

விடுமுறைக்கு வந்திருந்த மகள் தீக்ஷா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "டாட், ஜஸ்ட் பிக் ஒன். நோபடி ரீட்ஸ் இட்."

"நான் படிக்கிறேன்ல?" என்றார் பசுபதி.

மூன்று வாரம் யோசித்து, 'மக்களோடு மக்கள் சந்திப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு நாள் முழுவதும் நிகழ்ச்சி இருக்க வேண்டுமாம். உட்கார்ந்து அட்டவணை போட்டார்.

"ஒம்போது மணிக்கு மரிசோல் வீடு. கட்டிப்பிடிச்சுக்கறதுக்கு எவ்வளவு போடட்டும்? பத்து நிமிஷம்?"

"போடுங்க."

"அழுவியா?"

ருக்மிணி பெட்டி அடுக்கப் போனார். பசுபதி பதினைந்தாக்கினார். அதுதான் நூற்றுப் பன்னிரண்டாவது படிவத்தோடு போன அட்டவணை.

ஹவானாவில் அது நாற்பது நிமிஷம் ஓடியது. மரிசோல் நரைத்த முடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து வைத்திருந்தார். வீட்டின் பின்கட்டில் பழைய பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் கனகாம்பரம். திண்டுக்கல் பள்ளிக்கூடத்துச் செடியின் பேத்திக்குப் பேத்திகள். ருக்மிணி டப்பா டப்பாவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். பசுபதி அட்டவணையில் பதினைந்தை அடித்து நாற்பதாக்கி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

மூன்று நாளும் நேர்மையாகக் கழிந்தன. கடற்கரைக்குப் போவது சுற்றுலாக் கணக்கில் சேரும் என்பதால், கடலோரச் சாலையில் நடந்தபோதெல்லாம் பசுபதி முகத்தை ஊர்ப்பக்கமே வைத்திருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது.

கடைசி நாள் மரிசோல் காய்ந்த நெற்றுகளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி மேஜையில் வைத்தார். ருக்மிணி அதைக் கையில் எடுத்து, ஒருமுறை முகர்ந்து, திரும்ப மேஜையிலேயே வைத்தார். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது.

"எடுத்துட்டு வந்தா நீங்களே அந்த ஆபீசர் கையில குடுப்பீங்க. குப்பைக்குப் போறதுக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார் கணவரிடம். குரலில் கோபம் இல்லை. கறிவேப்பிலை நாளிலாவது கொஞ்சம் இருந்தது.

பசுபதி மறுக்கவில்லை. மறுத்தால் அது பொய்.

வாசலில் டாக்சி நின்றது. இரண்டு பெண்களும் அட்டவணையில் இல்லாத ஓர் அழுகையைத் தொடங்கினார்கள். பசுபதி, அட்டவணையை மேஜையிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குள் போனார். அட்டவணை அவர் கையில்தான் இருந்தது. வாயால் சொல்வது படிவத்தில் சேராது என்பது அவருடைய நெடுநாளைய கொள்கை.

ஹூஸ்டனில் பெட்டி மாதிரி நின்ற இயந்திரத்தின் முன்னால் இருவரும் நின்றார்கள். திரையில் நூற்றுப் பதின்மூன்றாவது படிவம் வந்தது. பழம், காய், செடி, விதை ஏதும் கொண்டுவருகிறீர்களா?

பசுபதியின் சட்டைப்பையில் பொட்டலம் இருந்தது. டிசம்பரிலும் ஹூஸ்டன் புழுங்கியது, அல்லது பசுபதிக்கு மட்டும் புழுங்கியது. சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். 'ஆம்' மேலே இருந்தது, 'இல்லை' கீழே. கழுத்துப் பிடிப்பு காரணமாக அவருக்குக் கீழே பார்ப்பதுதான் சுலபமாக இருந்தது என்று பிற்காலத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் நன்றாகப் பார்த்துத்தான் அழுத்தினார்.

ருக்மிணி அதைக் கவனிக்கவில்லை. விதைதான் ஹவானா மேஜையில் இருக்கிறதே.

இயந்திரம் அச்சடித்துத் தந்த சீட்டை அதிகாரி வாங்கினார். "எனி ஃபுட், பிளான்ட்ஸ், சீட்ஸ்?"

"நோ சார்."

டப்.

சத்தம் சின்னதுதான். அதிகாரி நிமிர்ந்தார். பசுபதி நெஞ்சில் கை வைத்து இருமினார். "கோல்ட், சார்" என்றார்.

டப், டப்.

ருக்மிணி மெதுவாகத் திரும்பிக் கணவரின் சட்டைப்பையைப் பார்த்தார். திண்டுக்கல்லில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிறகு நேராகத் திரும்பி நின்று, அதிகாரி சீட்டில் முத்திரை குத்தி முடிக்கும்வரை, அவரும் கூடச் சேர்ந்து இருமினார்.