அந்தக் கல்லூரியிலிருந்து ஒருத்தி போதும்

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய ஒரு கல்லூரியில் நானும் என் தோழியும் இயற்பியல் படித்தோம். இரண்டு பேர் வீட்டிலும் நடவும் அறுப்பும்தான் பிழைப்பு. கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம்கூட அப்போது இல்லை. ஓர் அரிசி ஆலையின் பழைய கிடங்கில் வகுப்பு நடந்தது. ஆனால் சென்னைக் கல்லூரிகளுக்கும் எங்களுக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே கேள்வித்தாள். அதில் அவள் என்னைவிட நிறையவே மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

சென்னையில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்க இருவரும் விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்கு ஒரே நாளில் அழைப்பு வந்தது. சேர்ந்து போவதாக இருந்தோம். கிளம்பும் நாளில் அவள் ஊரில் குறுவை நடவுக் கூலித் தகராறு முற்றிவிட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மறித்தவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. அவளுடைய அண்ணனும் அவர்களில் ஒருவர்.

"நீ முன்னாடி போடி. நான் அண்ணனைப் பாத்துட்டு அடுத்த ரயில்ல வந்துடறேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி ஒரு காலேஜ் இருக்கா?"

"இருக்குங்க சார்."

"ஸ்பெக்ட்ரோமீட்டர் எத்தனை இருக்கு?"

"ஒண்ணு சார். அதுலயும் லென்ஸ் உடைஞ்சிருக்கு."

இருவர் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த அம்மையார் மட்டும் சிரிக்காமல், கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் போட்டேன். மதியமே எனக்கு இடம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

தோழி மூன்று மணிக்கு வந்தாள். முதல் நாள் கட்டிய தாவணி, முகம் வீங்கியிருந்தது. உள்ளே போனவள் போன வேகத்தில் வெளியே வந்தாள். பலகைப் பக்கம் கூப்பிடவே இல்லை என்றாள். அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது எழுத்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காலேஜ்லேர்ந்து ஒருத்தியை எடுத்தாச்சு, போதும்னுட்டாங்கம்மா."

உள்ளே போய், இவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள், ஒரு கணக்காவது கொடுத்துப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். என் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவளிடமும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பம்பாயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகம். விண்ணப்பத்தில் சென்னைக் கல்லூரியின் பெயரைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார்கள். எந்தத் துறையில் விருப்பம் என்று கேட்டார்கள். கிடங்கில் படித்த மூன்று வருடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தோழி பி.எட். முடித்துத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆனாள். பல வருடம் கழித்து அங்கே போய், எழுத்தர் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நான்தான் லாயக்கில்லன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்டி. அதான் வேற எங்கயும் அப்ளிகேஷன் போடல."

மன்னிப்புக் கேட்டேன். மணி அடித்தது, எழுந்து வகுப்புக்குப் போனாள்.