என் கல்யாணப் பத்திரிகையும் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது.

அக்கா புவனகிரியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் பள்ளிப் படிப்போடு நின்று, கணினி கற்று, கடலூரில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். அதன் விளைவைக் கீழே காண்க.

தேவாலயத் திருமணங்களுக்கு அச்சகத்தில் ஆங்கில அழைப்பிதழ் அடிப்பார்கள். மணமக்கள் பெயர் 'ஓல்டு இங்கிலீஷ்' எழுத்தில் வர வேண்டும். பழைய பைபிள் முகப்பிலும் பட்டச் சான்றிதழிலும் பார்த்திருப்பீர்கள். தடித்த கோடும் கூரிய முனையுமாக, இஸ்திரி போட்ட மிடுக்குடன் நிற்கும். அக்கா அதை மணமக்கள் பெயருக்கு மட்டுமே போடுவார். அதிலும் முதலெழுத்து மட்டுந்தான் கேப்பிட்டல்; எல்லாமே கேப்பிட்டலானால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படிக்கவே முடியாது. "தேதியும் மண்டபமும் அழகா இருக்க வேணாம், தெரிஞ்சா போதும்" என்பார்.

எனக்குப் பண்ருட்டியில் பெண் நிச்சயமானது. மாமனார் முந்திரி வியாபாரி. என் பத்திரிகையும் ஆங்கிலத்தில்தான் என்று அக்காவிடம் சொன்னேன்.

"முழுக்க ஓல்டு இங்கிலீஷ்லியே போடுக்கா. எல்லாமே கேப்பிட்டல்."

"டேய், இது மூக்குத்தி மாதிரி. ஒண்ணு போட்டா அழகு. மூஞ்சி பூரா குத்திக்கிட்டா?"

"படிச்சவங்க படிப்பாங்க."

"போட்டுத் தொலைக்கிறேன். எவனாவது கேட்டா எம் பேர சொல்லாத."

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துப் பண்ருட்டிக்கு எடுத்துப் போனோம். மாமா கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எம் பேரு எங்க?"

நான் ஒரு வரியில் விரல் வைத்தேன். அது மண்டபத்தின் பெயர் என்று அக்கா மெல்லச் சொன்னார்.

"பொண்ணப் பெத்தவன் பேர ஒளிச்சி வெச்சி ஒரு பத்திரிகையா? இந்தச் சம்பந்தமே வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆங்கில இலக்கியம் படித்த நான் தாம்பாளத்து வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்தார்.

"எந் தப்பு மாமா. நாந்தான் எழுத்த மாத்திப் போட்டு, பாக்காம அடிச்சிட்டேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

கடைசி வாக்கியம் உண்மை.

மூன்றாம் நாள் புதுப் பத்திரிகை வந்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால், பிறகு அக்கா சிதம்பரத்தில் சொந்தக் கடை வைத்தபோதும் மாமா வீட்டு விசேஷம் ஒன்றுகூட அங்கே அச்சாகவில்லை. "அந்தப் பொண்ணா? பேரையே முழுங்கிடுமே" என்பார். அக்கா சிரிப்பார். நான் தலை குனிந்து சாப்பிடுவேன். ஒருமுறை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "அந்த வூட்ல உனக்கு இருக்கிற மரியாதையே கொஞ்சம்டா. வெச்சிக்க" என்றார்.

அக்காவின் கடை நன்றாகவே நடந்தது. கடைசி நாட்களில் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் தம் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோதுகூட, வாங்கியதும் மண்டபத்தின் பெயர் தெரிகிறதா என்றுதான் பார்த்தார். தெரிந்தது. திருப்தியாகத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடையை இன்று நடத்தும் அக்கா மகளுக்கும் எங்கள் நன்றி.

இன்னொரு நன்றி மாமாவுக்கு. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"அந்தப் புள்ள சிரிச்சப்பல்லாம் நான் மொறச்சிக்கிட்டே இருந்துட்டேனே, மாப்ள."

கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"போடு. எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும். படிக்கிற மாதிரி எழுத்துல போடு."