காமன் எந்திரிக்காத வருஷம்

போன வாரம் என் பழைய இரும்புக் கடை முற்றத்தில் ஒரு லொறி வந்து நின்றது. மூடிப்போன தேயிலை ஸ்டோர் ஒன்றின் யந்திரங்களை ஏலத்தில் எடுத்திருந்தேன். ஸ்டோர் என்றால் தோட்டத்தில் கொழுந்து அரைக்கிற இடம். தகரம், குழாய், சக்கரம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, உராயாமல் இருக்க இடையில் மானாப்புல்லைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். கடைப் பையன்கள் அந்தப் புல்லை வாரி மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புகை மூக்கில் ஏறியதும் கோப்பை சாய்ந்துவிட்டது. "மொதலாளிக்கு என்னமோ செய்யுது" என்று ஒருத்தன் ஓடி வந்தான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் செத்துக் கிடந்த ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக் கோழியை விரட்டிப் பிடித்ததுதான். இன்றைக்கு ஹட்டன் டவுனில் ஒருவன் வீடு கட்டினால் என் கடைக்கு வராமல் ஓர் ஆணி அடிக்க முடியாது. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய பெருமை எனக்கு ஒன்று உண்டு. அதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எத்தனை தோட்டம் உண்டோ அத்தனையிலும் என்னைப் போலக் காமன் ஆடியவன் கிடையாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இறுகின தோள். கரும்பு வில்லைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன் என்றால், மலையிலிருந்து இறங்குகிற பெண்கள் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் நின்று பார்ப்பார்கள். சில பேர் கூடை பாரமாக இருக்கிறதே என்று சீக்கிரம் போய்விடுவதும் உண்டு. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

காமன் கூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. மாசியில் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் நடுவோம். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன காமன் எரிந்து சாம்பலாவான். ரதி அழுவாள். மூன்றாம் நாள் அவனை எழுப்புவோம். ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் கையில் காப்பு உண்டு. காமன் எழுந்து காப்பு அவிழ்க்கும் வரைக்கும் காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் தாண்டியதில்லை. மற்றத் தோட்டங்களில் விடிய விடிய ஆடுவார்கள். எங்கள் துரைக்குத் தப்பு மேளச் சத்தம் கேட்டால் தூக்கம் வராதாம். அதனால் எங்கள் காமன் பொழுது சாயும்போதே எரிந்தாக வேண்டும். மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? கம்பத்தில் மானாப்புல்லைத்தான் சுற்றுவோம். எலுமிச்சை வாசமும் கருகலும் கலந்த அந்தப் புகைக்கு நடுவில்தான் வருஷா வருஷம் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

ரதி வேஷம் மாரிமுத்து அண்ணனுடையது. கூத்து நெருங்கும்போது மீசையை எடுத்துவிடுவார். அது திரும்ப முளைக்கிற வரைக்கும் அவர் பெண்சாதி அவரை "அக்கா, கஞ்சி குடிக்கிறீங்களா" என்றுதான் கேட்பாள். அழுகிறது, மயங்கி விழுகிறது எல்லாம் அவர் செய்வார். ரதியின் தாலியைக் கழற்ற மட்டும் நிஜமாகவே தாலி இழந்த பெண் ஒருத்தி வர வேண்டும். அவளுக்கும் காப்பு உண்டு. இது எங்கள் தோட்டத்து வழக்கம். கடைசியாக யாருக்கு அந்தக் கதி வந்ததோ அவளைக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் செல்லம்மாக்காவைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஆட்களின் ஓட்டுரிமையைப் பறித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இந்த நாட்டு ஆளும் இல்லை, அந்த நாட்டு ஆளும் இல்லை. ஏதாவது நடந்தால் போய்ச் சொல்ல ஒரு வாசல் கிடையாது. அந்தக் காலத்தில்தான் செல்லம்மாக்காவின் புருஷன் முத்தையா அண்ணன் ஸ்டோரில் செத்தார். ரோலரைச் சுற்றுகிற பெரிய வார்ப்பட்டைக்கு ஒரு கம்பி வலை மூடி இருந்தது. அதைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் பண்ண நேரமாகிறது என்று ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். பட்டை அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தது. மிச்சத்தைச் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று ஆபீசில் சொன்னார்கள். குடிக்கிற வீட்டைத் தாண்டிப் போனாலே குமட்டுகிற மனிதர் அவர். லயத்தில் அதற்காகவே அவரைக் கேலி செய்வோம்.

செல்லம்மாக்கா அழவில்லை. கொழுந்தெடுக்கப் போனாள், வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கல் நெஞ்சுக்காரி என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் பேசினார்கள். அவள் குடியிருந்த லயத்து அறையை, அந்தக் காம்பராவை, ஸ்டோருக்கு வரும் புது ஆளுக்குக் கொடுக்க வேண்டும், நீ வேறு தோட்டம் பார்த்துக்கொள் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான். நான் இந்தக் காம்பராவிலேயே இருந்துகொள்கிறேன் என்று கேட்டாள். வாசலில் நின்றால் முத்தையா அண்ணனைப் புதைத்த மேட்டு மலை தெரியும். போவதற்கு வேறு ஊரும் கிடையாது. அவள் பிறந்ததே எங்கள் தோட்டத்தில்தான்.

அன்றைக்குக் கூத்தில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் பல மாதிரிச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. நான் காமன், செத்துவிட்டேன். கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தேன். முன் வரிசை நாற்காலியில் டீமேக்கர் ஐயா மாலையோடு உட்கார்ந்திருப்பது தெரியும். அவருக்குப் பக்கத்தில் பெரிய கங்காணி. மாரிமுத்து அண்ணன் வழக்கம்போல அழுது முடித்தார். செல்லம்மாக்கா வருகிற கொலுசில்லாத கால் சத்தம் கேட்டது. தாலியைக் கழற்றுவாள், எல்லாரும் போய்க் கஞ்சி குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழற்றவில்லை. என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒப்பாரியை எடுத்தாள்.

"குடிச்சான்னு சொன்னீங்களே, எங்க ஆளு
கஞ்சித் தண்ணியத் தவுர என்னத்தக் குடிச்சாரு?
வலையக் கழட்டியாச்சு, நிப்பாட்டுங்கன்னு கேட்டாரே,
கொழுந்து கெட்டுரும்னு சொன்ன வாயி எந்த வாயி?"

தப்பு நின்றுவிட்டது. கூத்து வாத்தியார் கருப்பையா, தப்பும் அவர்தான் அடிப்பார், மறுபடி மெதுவாகப் பிடித்தார். அது அழுகைக்கு அடிக்கிற அடி இல்லை. ஸ்டோர் ஓடுகிற சத்தம். தடக் தடக் என்று பட்டை சுற்றுகிற சத்தம், இரவு பகலாக எங்கள் காதில் இருக்கிற சத்தம். செல்லம்மாக்கா எழுந்தாள். கம்பம் எரிகிற வெளிச்சத்தில் அவள் நிழல் என் முகத்துத் துணியில் விழுந்தது. கை சுற்றுகிறது, சுற்றுகிறது. அவள் கையே பட்டை. பிறகு அந்தக் கை அவளையே பிடித்து இழுத்தது. ஒரு தோள் போனது, தலை சாய்ந்தது, காலிரண்டும் தரையைத் தேடின. ஆட்டம் படிக்காதவள். ஜென்மத்துக்கும் ஆட்டம் படித்தவன் நான், துணிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எங்கோ ஒரு பெண் அலறினாள். அடுத்து இன்னொருத்தி. கல் நெஞ்சுக்காரி என்று பேசியவர்கள்தான். நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. டீமேக்கர் ஐயா போய்விட்டார். மாலை நாற்காலியிலேயே கிடந்ததாம்.

மறுநாள் பெரிய கங்காணி லயத்துக்கு வந்தார். செல்லம்மாக்கா உடனே தோட்டத்தைவிட்டுப் போக வேண்டும், துரை உத்தரவு என்றார். கருப்பையா வாத்தியார் அவள் கையைத் தூக்கிக் காட்டினார். "காப்புக் கெடக்குங்க. காமன் எந்திரிக்காம எப்புடி எல்லை தாண்டுறது?" கங்காணியின் தகப்பனார்தான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பொட்டலில் முதல் கம்பம் நட்டவர். கங்காணியின் முகம் வெளுத்துவிட்டது. மூன்றாம் நாள் வரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். செத்த காமனைக் கிடத்தப் பொட்டலில் ஒரு குடிசை போட்டிருப்போம், மாரிமுத்து அண்ணன் ரதிச் சேலையோடு அங்கே வந்து என்மேல் குனிந்தார். "தம்பி, நாளைக்கு ஒன்ன எழுப்புவாங்க. எந்திரிச்சுராத."

நான் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், மாரிமுத்து அண்ணன் பாடினார், நான் கட்டை மாதிரிக் கிடந்தேன். "காமன் எந்திரிக்கல" என்று வாத்தியார் பொட்டலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். நண்பரே, கூத்தில் சாக எல்லாருக்கும் தெரியும். செத்தபடியே கிடக்க என்னைத் தவிர ஒருவனுக்கும் தெரியாது. செத்தவன் பேசக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது. இருட்டின பிறகு யாராவது கஞ்சி வைத்துவிட்டுப் போவார்கள், எழுந்து குடித்துவிட்டு மறுபடி சாவேன். மழை ஒழுகியது. அட்டை கடித்தது. கங்காணி ஒருநாள் வந்து நின்று, "டேய், எந்திரிடா, ஒங்கப்பன் சாகயிலகூட இம்புட்டு நாள் கெடக்கலடா" என்று கத்தினார். தும்மல் வந்தது. அதை எப்படி அடக்கினேன் என்று கேட்காதீர்கள், அது என் தொழில் ரகசியம்.

துரைக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்ததாம். காப்புக் கட்டியவளை இழுத்துப் போட்டால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஒரு ஆளும் வர மாட்டான் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அப்படியானால் காமன் எழுகிற வரைக்கும் தோட்டத்தில் அரிசி போட வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். மலைக்கு எல்லாரும் போனார்கள், கொழுந்தெடுத்தார்கள், வெறுங்கையோடு வந்தார்கள். சேம்பு தோண்டி அவித்தார்கள். நோட்டன் பிரிட்ஜில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நானா என்போம், மரவள்ளிக்கிழங்கு மூட்டையை எல்லைக் கல்லிடம் இறக்கிவிட்டுப் போனார். காப்புக் கட்டியவர்கள் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று வாங்கினார்கள். லயத்தில் ஒரு வீட்டில் நிச்சயித்த கல்யாணம் நின்றது. பெண் வீட்டாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு வருகிற கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகியது. பிறகு கருப்பையா வாத்தியாரின் பேத்திக்குக் காய்ச்சல் கண்டது. பச்சைக் குழந்தை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அதை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர்கள் குடிசை வாசலைக் கடந்து போனார்கள். யாரும் என்னிடம் எழுந்திரு என்று சொல்லவில்லை. வாத்தியாரும் சொல்லவில்லை.

செல்லம்மாக்காதான் வந்தாள். மத்தியான நேரம், தனியாக, கையில் ஒரு செம்புத் தண்ணீர். என் தலைமாட்டில், அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள்.

"தம்பி, போதும்ப்பா. எந்திரி."

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"எங்க ஆளு குடிகாரரு இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்குக் காம்பரா வேணும்னு இன்னொரு புள்ளையப் பொதைக்க முடியாது. எந்திரிய்யா."

செத்தவன் பேசக் கூடாது என்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் வந்தது. காமனுக்கு வாய் கிடையாது. தண்ணீரைத் தெளித்தாள். ரதி பாட வேண்டிய எழுப்புப் பாட்டை, மாரிமுத்து அண்ணன் வருஷா வருஷம் பாடுகிற பாட்டை, மெல்லிய குரலில் முழுதாகப் பாடினாள். நான் எழுந்தேன். நாள்கணக்கில் படுத்த கால் நிற்கவில்லை, குடிசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே என் காப்பை அவிழ்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவள் காப்பை நான் அவிழ்த்தேன்.

மறுநாள் பெரட்டுக்குக் கொம்பு ஊதும் முன்னே அவள் போய்விட்டாள். ஒரு மூட்டை, ஒரு பானை. உடப்புசல்லாவைப் பக்கம் போனாள் என்று சிலர் சொன்னார்கள், தலைமன்னாரில் கப்பலேறினாள் என்று சிலர். அந்த வாரமே ஸ்டோரில் வார்ப்பட்டைக்குக் கம்பி வலையைத் திரும்ப மாட்டினார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் உத்தரவு போட்டதாகவும் சொல்லவில்லை. டீமேக்கர் ஐயா தானே நின்று மாட்ட வைத்தாராம். எனக்கும் தோட்டத்தில் வேலை இல்லை என்றாகிவிட்டது. நோட்டன் பிரிட்ஜ் நானாவிடம் போய் நின்றேன். "நீதானே எந்திரிக்காத காமன், மூட்டை தூக்குவியா" என்றார். அங்கே தூக்க ஆரம்பித்தவன்தான் இன்றைக்கு இவ்வளவு பெரிய ஆள்.

எங்கள் தோட்டத்தில் அதற்குப் பிறகு காமன் எரியவில்லை. கூத்துக்கே அனுமதி இல்லை என்றார்கள். பிறகு எங்களைப் பங்கு பிரிக்க இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் வந்தது, பாதி லயம் இந்தியாவுக்குப் போனது. மாரிமுத்து அண்ணன் போனார், கருப்பையா வாத்தியார் போகும் முன்னே செத்தார். காமன் பொட்டலில் இப்போது கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்டிருக்கிறார்கள். மேட்டு மலையில் பழைய செடியைப் பிடுங்கிப் புதுச் செடி நட்டுவிட்டார்கள். முத்தையா அண்ணன் எந்த நிரையில் இருக்கிறார் என்று போய்த் தேடினேன், தெரியவில்லை.

இதையெல்லாம் யோசித்தபடி அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, வந்திருக்கிற லொறி எங்கள் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏலத்தில் எடுத்தவனே நான்தான். எடுக்கும்போது எடையைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. எழுந்து முற்றத்துக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். பையன்கள் நல்ல வேலைக்காரர்கள், நான் பழக்கினவர்கள். கம்பி வலையை முதலிலேயே இறக்கி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மற்றத் துருவோடு சேர்த்துத் தராசில் போட்டிருந்தார்கள். எது அந்த வலை, எது கோழிக்கூட்டு வலை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மானாப்புல் எரிந்து முடிந்திருந்தது.