ராணியை வாரிக் கொடுத்த என் புரோகிராம்

கம்பம் ஊரில் வேலை பார்த்தபோது கம்ப்யூட்டரில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினேன். எந்த நிலை நல்லது என்று அதற்குப் பழக்க, ஒரு புதிர்ப் புத்தகத்திலிருந்த ஆட்ட நிலைகளைக் கொடுத்து, விடை சரியாக வரும்வரை அது காய்களுக்குப் போடும் மதிப்பெண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எல்லாப் புதிரையும் அவிழ்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலை தீபாவளிக்குப் போடிக்குப் போகும்போது சிடியில் போட்டு எடுத்துப்போனேன். ஏலக்காய் வியாபாரியான மாமனாரை மச்சினன் கம்ப்யூட்டரில் ஆட வைத்தேன். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே அது ராணியைத் தூக்கி அவரிடம் கொடுத்தது. அடுத்த ஆட்டத்திலும் அதே கூத்து. அப்புறம்தான் உறைத்தது. ராணியைப் பலி கொடுத்து ஜெயிக்கும் நிலைகள்தான் அந்தப் புத்தகம் முழுக்க. மடப்பயல் நான், சாதாரண ஆட்டம் ஒன்றைக்கூட அதற்குக் காட்டவில்லை.

கம்ப்யூட்டரையே ஜெயித்துவிட்டதாக மாமனார் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நிஜ ஆட்டங்களை வைத்து மறுபடி பழக்கி, பொங்கலுக்குக் கொண்டுபோனேன். ஆடிய ஆட்டமெல்லாம் மாமனார் தோற்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"நல்லா ஆடிக்கிட்டு இருந்துச்சு மாப்ள. கெடுத்துப்புட்டீகளே!"