வாசிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தது

முல்லைத்தீவில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறேன். வீடு பரந்தனுக்கு உள்ளே, வயல்காணிப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நிலையத்தில் எட்டுக் கணினிகள். எல்லாம் யாரோ பாவித்துவிட்டு அன்பளிப்பாகத் தந்தவை. விலைக்கு விற்கும் மென்பொருளை அவற்றில் போட எங்களுக்கு வசதியில்லை, களவாகப் போட எனக்கு மனமில்லை. ஆகவே திறந்த மூல மென்பொருள்களைத்தான் வைத்திருந்தேன். அவற்றை எழுதியவர்கள் உள்ளே இருக்கும் நிரல் வரிகளை எல்லோரும் பார்க்க விட்டிருப்பார்கள். உரிமத்தில் சொல்லியிருக்கும் நிபந்தனைகளை மதித்து யாரும் எடுத்துத் திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத மனிதர்கள் கூடிச் செய்கிற நல்ல காரியம் என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பேன். இப்போது அந்தப் பாடத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

எல்லாம் ஓர் இறுவட்டில் தொடங்கியது. கடற்கரைப் பக்கத்து அக்கா ஒருவர் கைத்தொலைபேசியுடன் நிலையத்துக்கு வந்தார். அவருக்கும் கணவருக்கும் கரைவலைத் தொழில். வலை இழுக்கிற கரைத்துண்டுக்குப் பாடு என்று பெயர். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அவர்களுடைய பாட்டில் வேறொருவர் வாடி என்கிற மீன்பிடிக் குடிசை அடித்து, உழவு இயந்திரம் பூட்டி வலை இழுத்துக்கொண்டிருந்தாராம். வருடக்கணக்காக வழக்கு. அக்கா சும்மா இருக்கவில்லை. எல்லைக் கற்களை, பழைய வாடியின் அத்திவாரத்தை, அயலவர்கள் நின்று கைகாட்டிச் சொல்வதை எல்லாம் தானே வீடியோ எடுத்திருந்தார். பதினான்கு துண்டுகள்.

"ரீச்சர், இதைச் சீடியில அடிச்சுத் தரவேணும். பென் டிரைவில குடுத்தா, பிறகு மாத்திப்போட்டம் எண்டு மற்றப் பக்கம் சொல்லுவினமாம். ஒவ்வொண்டுக்கும் என்ன இடம் எண்டு தமிழில பேர் போடச் சொல்லி லோயர் சொன்னவர்."

பக்கத்தில் அவரை இருத்தி, அவர் சொல்லச் சொல்ல நான்தான் பெயர் போட்டேன். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, மேற்கு எல்லை, பழைய வாடி. இறுவட்டில் எழுதி முடிந்ததும், பிழை எதுவுமில்லை என்று மென்பொருள் பச்சை நிறத்தில் காட்டியது. நான் திறந்து பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன், எழுதியபின் ஒருதரம் திறந்து பாருங்கள் என்று. அன்றைக்கு வகுப்பு அவசரத்தில் நானே அதைச் செய்யவில்லை.

வழக்கின் அடுத்த தவணை முடிந்த மறுநாள் அக்கா திரும்பி வந்தார். இறுவட்டைக் கைலேஞ்சியில் சுற்றி மேசையில் வைத்தார்.

"பதினாலு எண்டு சொல்லிக் குடுத்தம், ஒன்பதுதான் கிடக்காம். பேரெல்லாம் கோடு கோடா வந்ததாம். அந்தப் பக்கத்து லோயர் சிரிச்சவர், ரீச்சர். எனக்கு எழும்பி ஓடலாம் போல இருந்தது. வழக்கைத் தள்ளிப் போட்டாச்சு."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

அவர் இருக்கும்போதே இறுவட்டைப் போட்டுப் பார்த்தேன். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கீழ்க்கோடு. வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் கணினியின் கணக்கில் ஒரே நீளம். ஆகவே மூன்று கோப்புகளுக்கும் ஒரே பெயர். ஒரே பெயர் வந்ததும் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மென்பொருள் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. இப்படியே ஐந்து துண்டுகள் போயிருந்தன. விட்டதைச் சொல்லவுமில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் அக்கா கேட்டார். "அப்ப பேரை விட்டுட்டு ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் போடுங்கோவன். என்னென்ன எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ."

அப்படியே செய்தோம். இந்த முறை பதினான்கையும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என் வேலை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் தமிழில் பெயர் வைத்ததற்காக இன்னொருவரும் இப்படி ஒரு நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்று நினைத்தேன். நிரல் வரிகள்தான் திறந்து கிடக்கின்றனவே. வகுப்பில்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து தேடினேன். இடத்தைக் கண்டுபிடித்தபோது, மேலே எழுதியவரின் குறிப்பு ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்து அல்லாத பெயர்கள் அரிது, பிறகு பார்க்கலாம். அரிதாம்.

திருத்தத்தை எழுதுவதற்கு முன், இதை யாராவது முதலே முறையிட்டிருக்கிறார்களா என்று அந்த மென்பொருள்காரர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவை வாசித்தேன். அங்கேதான் எனக்கு விளங்கியது, இது ஒரு மென்பொருள் அல்ல, இரண்டு. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு மனிதர் இதை ஆதியில் எழுதியவர். சில வருடங்களுக்கு முன் தன் புதிய பதிப்பின் உரிமத்தை மாற்றினார், வரிகளைப் பார்க்கலாம், தன்னைக் கேளாமல் எடுக்கக்கூடாது என்று. அது பிடிக்காத சிலர், மாற்றத்துக்கு முந்திய பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தனிக் கிளையாக வளர்த்தார்கள். எங்கள் கணினிகளில் இருந்தது கிளை. இப்படிப் பிரிந்துபோக உரிமமே இடம் கொடுக்கிறது. அதில் குற்றமில்லை. ஆனால் பிரிந்த நாளிலிருந்து அவர்கள் செய்துகொண்டிருந்தது வேறு. அவர் இவர்களைத் திருடர் என்றார், இவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். என்னைப்போலவே தன் மொழியில் பெயர் வைத்துக் கோப்புகளை இழந்த ஒருவர் எங்கிருந்தோ முறையிட்டிருந்தார். அதற்குக் கீழே பக்கம் பக்கமாகப் பதில்கள். யாருடைய உரிமம் செல்லும், யார் யாருடைய பெயரை முகப்பிலிருந்து எடுத்தார், யார் முதலில் பொய் சொன்னார். அந்த மனிதரின் கோப்புகளைப் பற்றி ஒரு வரி இல்லை. குசினிக்குள் எதுவோ ஊசிப்போன மணம் வந்தால் மூக்கைப் பொத்துவோமே, அப்படித்தான் இருந்தது வாசிக்க. ஆனாலும் வாசித்தேன்.

ஆதி ஆசிரியர் தன் புதிய பதிப்பில் இந்தப் பிழையைப் பாதி திருத்தியிருந்தார். அதையும் திறந்து வாசித்தேன். அவர் எப்படி யோசித்தார் என்று விளங்கியது. பிறகு அதை மூடிவிட்டு, என் திருத்தத்தை என் பாட்டில் எழுதினேன். எட்டுக் கணினிகளிலும் பரிசோதித்தேன். வேலை செய்தது.

கிளைக்காரர்களுக்கு அனுப்பினேன். ஏன் எழுதினேன் என்று விளக்க, நீதிமன்றத்தில் நடந்ததையும் பெயர் ஊர் இல்லாமல் நான்கு வரியில் சொன்னேன். அவர்களின் தலைவர் அன்றைக்கே பதில் போட்டார். அருமையான வேலை, ஆனால் ஒன்று, ஆதி ஆசிரியரின் புதிய நிரலை நீங்கள் ஒருபோதும் வாசிக்கவில்லை என்று எழுதித் தரவேண்டும். வாசித்திருந்தால், அதிலிருந்து எடுத்தது என்று அவர் வழக்குக்கு வருவார்.

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. நிலையப் பொறுப்பாளருக்கு, நாங்கள் சேர் என்போம், ஏற்கெனவே விசயம் தெரிந்திருந்தது. எங்கட ரீச்சரின்ர வேலையை வெளிநாட்டுக்காரர் எடுக்கப்போகினம் என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. மூன்றாம் நாள், நான் வாசிக்கவில்லை என்று எழுதி, கீழே என் முழுப்பெயரையும் போட்டு அனுப்பினேன். அனுப்பிய கையோடு போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

திருத்தம் புதிய பதிப்பில் வந்தது. சேர் அந்தச் செய்தியை ஒரு தாளில் அடித்து அறிவித்தல் பலகையில் ஊசி குத்திப் போட்டார். ஒரு கிழமை கூட ஆகவில்லை. ஆதி ஆசிரியர் என் வரிகளையும் தன் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களைச் சோதிக்கும் ஒழுங்கு ஒன்றுபோல் இருக்கிறது, இதுவும் களவு என்று எழுதினார். அந்த நாடுகளில் இருந்து வருகிறவர்களிடம் வேறு என்ன எதிர்பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை வாசித்தது பஸ்ஸில். புதுக்குடியிருப்பில் இறங்கவேண்டிய ஒரு அம்மா என் காலில் பையை இடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அந்த வரியின் கேவலத்தைவிட, களவு என்ற சொல்லுக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாதிருந்தது தான் என்னை அரித்தது. எடுக்கவில்லை. ஆனால் வாசித்தேன்.

கிளைக்காரர்கள் எனக்காக எழும்பினார்கள். அதுதான் இன்னும் மோசம். நான் சொன்ன நான்கு வரியை அவர்களின் தலைவர் ஒரு பக்கக் கட்டுரையாக்கியிருந்தார். போரில் கணவனை இழந்த இலங்கைப் பெண் ஒருத்தி, ஆதி ஆசிரியரின் பிடிவாதத்தால் தன் நிலத்தையே இழந்தாள் என்று. எனக்குத் தனியாகவும் ஒரு கடிதம். அந்தப் பெண்ணின் படம் ஒன்று கிடைக்குமா, கடற்கரையில் நிற்பதுபோல இருந்தால் நல்லது என்று.

இவ்வளவு வருடத்தில் எத்தனை பேர் வந்து எங்களைப் படமெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு சீடி அடிக்கிற மென்பொருளின் சண்டைக்கும் எங்களில் ஒரு விதவை தேவைப்படுகிறாள்.

சனிக்கிழமை அக்காவின் வாடிக்குப் போனேன். சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது. கணவர் மணலில் இருந்தபடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னை விதவையாக்கிப் போட்டினமோ?" அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். "இஞ்சரப்பா, நீங்கள் செத்துப்போனியளாம்."

"ஓமோ? அப்ப இந்த வலையை ஆர் பொத்துறது?" என்றார் அவர், நிமிராமலே.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஆர் ரீச்சர் அவையள்?"

"ஒரு மென்பொருளை ரெண்டாப் பிரிச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிற ஆக்கள் அக்கா."

"எங்களுக்கும் அவைக்கும் என்ன?"

"ஒண்டுமில்லை. நான்தான் உங்கட கதையைச் சொன்னனான். சொல்லியிருக்கக் கூடாது."

"படம் குடுக்காதேங்கோ," என்றார். பிறகு, "நீங்கள் அந்த மனுசன்ர எழுத்தை வாசிச்சனீங்களோ, இல்லையோ?" என்று கேட்டார்.

"வாசிச்சனான்."

"அப்ப ஏன் இல்லையெண்டு எழுதினனீங்கள்? கோர்ட்டில நாங்கள் ஒரு சொல்லு மாறிச் சொன்னா விடுவினமோ?"

கதிரையை வாடிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடிதம் எழுதினேன். புதிய நிரலை வாசித்தேன், வாசிக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது பொய், வரிகள் மட்டும் நான் எழுதியவை, என் திருத்தத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் கணவர் உயிரோடு இருக்கிறார், நிலமும் போகவில்லை, கட்டுரையையும் எடுத்துவிடுங்கள்.

ஆதி ஆசிரியர் என் கடிதத்தை வெற்றிக் கொடிபோல் தன் பக்கத்தில் போட்டார். பிறகு தனியாக எழுதி, உரிமை முழுவதையும் தனக்கு மாற்றித் தந்தால் என் திருத்தத்தைத் தானே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். களவென்று சொன்ன அதே வரிகளை! கிளைத் தலைவர், நான் அவர்களின் திட்டத்துக்குப் பெருந்தீங்கு செய்துவிட்டதாக எழுதினார். திருத்தத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். கட்டுரையில் கணவனை இழந்த என்ற சொற்களை மட்டும் எடுத்தார்கள். மீதி அப்படியே கிடந்தது. தமிழ்ப் பெயர்கள் மறுபடியும் கீழ்க்கோடுகளாயின. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேரிடம் போய் அறிவித்தலைக் கழற்றச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"ஏன் பிள்ளை உண்மையைச் சொன்னனீர்?" என்றார் அவர், மெய்யான கவலையோடு. "அங்க இருக்கிறவைக்கு என்னண்டு தெரியப்போகுது?"

அவர் நல்ல மனிதர். அவரில் கோபப்பட முடியவில்லை. கோபப்படவும் எனக்கு என்ன முகம் இருந்தது? அந்த இரண்டு நாளும் நானும் அதைத்தானே யோசித்தேன். நானே ஊசிகளைப் பிடுங்கி அந்தத் தாளை எடுத்தேன்.

அக்காவின் வழக்கு சில மாதங்களில் இணக்கத்துக்கு வந்தது. இலக்கம் போட்ட பதினான்கு வீடியோக்களையும் பார்த்தார்களாம். பாட்டின் பாதி அவர்களுக்கு, பாதி மற்றவருக்கு. பாதிதானா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அக்கா, இந்தப் பாதியிலும் மீன் படும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடற்குழுவிலிருந்து விலகிவிட்டேன். என் திருத்தம் எங்கள் எட்டுக் கணினிகளில் இருக்கிறது; கிளையின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன், யார் எழுதியது, எதிலிருந்து வந்தது, எதை வாசித்துவிட்டு எழுதியது என்று ஒரு சிறு கோப்பும் சேர்த்து. போனமாதம் வவுனியாவிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். அந்தக் கோப்பைத் திறந்து வாசித்துவிட்டு, இவ்வளவு எழுத என்ன இருக்கு ரீச்சர் என்று கேட்டார். தேவையில்லையென்றால் மென்பொருளையும் வைத்துவிட்டுப் போங்கோ என்றேன். என் குரல் அப்படிக் கரகரத்து வந்தது எனக்கே பிடிக்கவில்லை. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.