ராத்தா எழுதிய ஜப்பான் கோடை

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மூதூரில் உதடு வெடிக்கும், வாய்க்குள் மணல் கரகரக்கும், காயப்போட்ட துணி கொஞ்ச நேரத்திலேயே பலகைபோல் விறைத்துவிடும். அப்படியொரு கச்சான் காலத்தில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை செய்த எங்கள் வாப்பா, கப்பலில் வந்த மாலுமி ஒருவர் கொடுத்ததென்று ஒரு ஜப்பானியப் படப்புத்தகத்தை ராத்தாவுக்குக் கொண்டுவந்தார்.

ராத்தா என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இதயத்தைப் பழுதாக்கியிருந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோய், மாதத்துக்கு ஒருமுறை "லோஞ்ச்" படகில் ஏறிக் குடாவைக் கடந்து, திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வருவதைத் தவிர அவளுக்கு வேறு பயணமே இல்லை. அந்தப் புத்தகம் முழுவதும் ஒரு சிறுமியின் கோடை விடுமுறை: மரத்தில் ஒட்டியிருக்கும் சில்வண்டு, வாளித் தண்ணீரில் குளிரப்போட்ட, பச்சை வரி ஓடிய வத்தகப்பழம், ஆற்றுக்கு மேலே வாணவேடிக்கை, கடைசிப் பக்கத்தில் தண்ணீரில் மிதந்துபோகும் காகித விளக்குகள்.

"இதுல என்ன எழுதியிரிக்கெண்டு வாசிக்க ஏலாதுதானே, நாமளே எழுதுவம்" என்றாள் ராத்தா.

என் பழைய கொப்பியில் ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக எழுதினாள். அந்தச் சிறுமிக்கு மைமூனா என்று பெயர் வைத்தாள். ஜப்பானிலும் கச்சானை வீசவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதுப் பக்கத்தை வாசித்துக் காட்டுவாள். மூதூர்க் குடாவைத் தாண்டி எதையும் கண்டிராத நான், ஒருநாளும் போயிராத அந்த ஊரின் கோடையை, அங்கேயே பிறந்து பிரிந்து வந்தவளைப்போல நினைத்து ஏங்கினேன். உம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. எழுதினால் அவளுக்கு "இளைப்பு" கூடுகிறதென்று கொப்பியைப் பிடுங்கி அலுமாரிக்கு மேலே வைப்பார். நான் கதிரை போட்டு ஏறி எடுத்துக் கொடுப்பேன்.

இரண்டு படங்கள் மிச்சமிருந்த ஒரு பின்னேரம், ராத்தா சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உம்மாவைக் கூப்பிட எழுந்த என் கையைப் பிடித்தாள்.

"சொல்லிராத. ஆஸ்பத்திரியில போட்டா எழுத விடமாட்டாங்க. இன்னும் ரெண்டு பக்கந்தானே."

எனக்கும் முடிவு தெரியவேண்டியிருந்தது. இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. வீங்கிய கால்களைப் போர்வையால் மூடிவிட்டதும் நான்தான். வாணவேடிக்கைப் பக்கத்தை அவள் எழுதி முடித்தாள்.

மூன்றாம் நாள் விடியும்போது அவளுடைய உதடு நீலமாக இருந்தது. உம்மாவிடம் ஓடினேன். வாப்பா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனபோது லோஞ்ச் இல்லை. முதல்நாள் மாலை வரைக்கும் ஓடியிருக்கிறது; இரவில் சண்டை மூண்டதோடு நின்றுவிட்டதாம். ஷெல் விழத் தொடங்க ஊரே கிளம்பியது. வாப்பாவும் மாமாவும் ராத்தாவை மாறி மாறிச் சுமக்க, கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். அங்கே அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடமொன்றில், இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில், ஊரைவிட்டுக் கிளம்பிய ஐந்தாம் நாள் அவள் மௌத்தானாள். அந்த ஊர் மையவாடியிலேயே அடக்கினோம். நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. புத்தகமும் இல்லை, கொப்பியும் இல்லை.

கடைசிப் படத்திலிருந்த விளக்குகள் இறந்துபோனவர்களை வழியனுப்ப விடப்படுபவை என்று வளர்ந்த பிறகுதான் எங்கோ வாசித்தேன். ராத்தாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது நான் சிறுவர் கதைகள் எழுதுகிறேன். என் கை ராத்தாவின் கை என்று வருகிறவர்களிடமெல்லாம் உம்மா சொல்லுவார். ராத்தா போய்வந்த லோஞ்ச் இன்றில்லை. ஆறுகளுக்குப் பாலம் போட்டு, பஸ் நேரே திருகோணமலைக்குப் போகிறது. போன கிழமை உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பாலத்தில் பஸ் ஏறியதும், எப்போதும்போல என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு ஒரு நாளைக்கு முந்தித் தெரிஞ்சிருந்தா, லோஞ்சில கொண்டுபோயிருக்கலாம். ஒரு நாள்தான் மகள்."

"ஓம் உம்மா" என்றேன்.