நான் மிதித்த தோள்

ஒரே கோவிலில் என்னோடு முழங்காலிடும் சகோதரரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். பிறக்கும்போதே தலைக்குப் பதிலாகக் காலை முன்னே நீட்டி வந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பார்களே, அந்தப் பெருமையில் இந்தக் கரையில் உள்ள முதுகுகளையெல்லாம் மிதித்துத் திரிந்தேன்.

அரிசி கூப்பனுக்கு வந்த வருஷம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தோம். வடத்தின் கடைசியில் என் தங்கையின் புருஷன் சவேரியும் நானும். நான் சட்டென்று பிடியை விட்டால் அவன் எப்படித் தள்ளாடுவான் என்று பார்க்க ஆசை வந்தது. விட்டேன். வலையின் பாரம் அவனைச் சுண்டி இழுத்தது. கையை ஊன்றி விழுந்தான். வடம் வழுக்கியது என்றார்கள் எல்லாரும். நானும் அப்படியே முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சுளுக்குத்தான் மச்சான், படு" என்று தோளில் காலை வைத்தேன். அவன் போட்ட சத்தம் இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. கை உடம்போடு சேர மறுத்தது. விரல்கள் மரத்தன. தங்கை ஓடிவந்தாள்.

"அண்ணே, இந்தக் கை போனா என்ட பிள்ளைகளுக்கு ஆரு கஞ்சி ஊத்துற?"

 

மணலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, அவன் கையைத் திருப்பித் தாரும். நான் செய்ததை அவனிடம் நேரே சொல்கிறேன்." செபத்திலும் பேரம் பேசியவன் நான்.

ஆமென் சொல்லி எழும்பினால், கருவாடு ஏற்ற வந்த மாட்டுவண்டில் நிற்கிறது. இறங்கியவர் கனமூலை ஊர் முறிவு வைத்தியர், எங்களுக்கெல்லாம் நானா. அது அவர் வரும் நாளே அல்ல.

நானா இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல தோள் உருண்டையாக இருந்தது. மற்றது தட்டையாகி, முன்பக்கம் புடைத்திருந்தது.

"சுளுக்கில்ல, மூட்டு கழண்டிருக்கு. மிதிச்சது ஆரு?"

"நான்தான் நானா."

"மூளையும் காலுக்கு எறங்கிட்டா ஒனக்கு?"

எலும்பு முறியவில்லை என்று தடவிப் பார்த்தார். நாடி பார்த்தார். கவிழ்த்த தோணியில் சவேரியைக் குப்புறப் படுக்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் மணல் வாளியைத் துணியால் கட்டினார். இழுக்கவில்லை, திருகவில்லை. காத்திருந்தார். நான் செபமாலையில் மூன்றாம் பத்தை முடிக்குமுன் மூட்டு களக்கென்று உள்ளே போனது. சவேரி விரல்களை அசைத்தான். நான் அழுதேன். கையை மார்போடு சாரத்துண்டால் கட்டி, இருபத்தொரு நாள் அசைக்காதே என்றார் நானா.

அதன்பின் நான் ஒருவரையும் மிதித்ததில்லை. சுளுக்கென்று வருகிறவர்களை நானாவிடம் அனுப்புகிறேன். சகோதரரே, குற்றத்தைக் கழுவிக்கொண்டுதான் ஆண்டவரிடம் போவேன் என்று காத்திருக்காதீர்கள். அழுக்கோடேயே போங்கள். என் போன்றவனுக்கே அவர் செவிகொடுத்தார்.

ஆனால் கொடுத்த வாக்கை நிறைவேற்ற உயிர்த்த ஞாயிறு வரை எனக்குத் தைரியம் வரவில்லை. பூசை முடிந்து, சவேரி அந்தக் கையாலேயே பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். கிட்டப் போனேன்.

"மச்சான், வடத்த விட்டது நான்தான். வேணுமெண்டுதான் விட்டன்."

அவன் திரும்பவே இல்லை.

"ஓம், அண்டைக்கே நீ சிரிச்சது கேட்டிச்சு."